பிளேட்லெட் கூடினால் நல்லதா? ரிப்போர்ட்டை மடித்து வைக்காதீங்க

ஆவடி:

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி மக்கள் கேட்கும் முதல் கேள்வி, "பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?" என்பதுதான். 2017-ம் ஆண்டு தமிழகத்தில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை டெங்கு தாக்கியது. பிளேட்லெட் குறைந்தால் ஆபத்து என்பது எல்லோருக்கும் தெரியும். கூடினால்? "அதிகமா இருந்தா நல்லதுதானே" என்று பலர் ரிப்போர்ட்டை மடித்து வைத்து விடுகிறார்கள். அது தப்பு.

எவ்வளவு இருக்கணும்?

ரத்தத்தை உறைய வைப்பது பிளேட்லெட் எனப்படும் தட்டணுக்களின் வேலை. ஒரு மைக்ரோ லிட்டர் ரத்தத்தில் 1½ லட்சம் முதல் 4½ லட்சம் வரை இருக்கலாம். அதற்கு மேல் போனால் காரணம் தேட வேண்டும்.

ஏன் கூடுகிறது?

பெரும்பாலும் இது தனி நோய் அல்ல, வேறு கோளாறின் அறிகுறிதான். முக்கிய காரணம் இரும்புச்சத்து குறைவு. தமிழகத்தில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்பநல ஆய்வு சொல்கிறது. மாதவிலக்கில் அதிக ரத்தம் போகிறவர்களுக்கு ஹீமோகுளோபின் குறைந்து பிளேட்லெட் கூடியிருக்கலாம். டாக்டர் சொல்லும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக சாப்பிட்டால் இரண்டும் சரியாகும்.

காசநோய் போன்ற தொற்று, மூட்டுவாதம், ஆபரேஷன், மண்ணீரல் அகற்றுதல், சிலவகை புற்றுநோய் ஆகியவற்றாலும் கூடும். காய்ச்சல் குணமாகும்போது கொஞ்சநாள் கூடி, தானாக இறங்குவதும் உண்டு. அதனால் சில வாரம் கழித்து மறுபடியும் டெஸ்ட் எடுப்பார்கள்.

எப்போது ஆபத்து?

காரணமே தெரியாமல் மாதக்கணக்கில் கூடியே இருந்தால் எலும்பு மஜ்ஜையில் கோளாறு இருக்கலாம். இது அபூர்வம். ஆனால் ரத்தக்குழாயில் கட்டி அடைத்து பக்கவாதம், மாரடைப்பு வரலாம். 2005-ல் கண்டுபிடிக்கப்பட்ட 'ஜாக்-2' மரபணு மாற்றத்தை ரத்தப் பரிசோதனையில் பார்த்து இதை உறுதி செய்கிறார்கள். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ்காந்தி அரசு பொது மருத்துவமனையில் ரத்தநோய்க்கு தனிப்பிரிவு இருக்கிறது.

மாத்திரை ஜாக்கிரதை!

'ரத்தம் கெட்டியாகிடும்' என்று பயந்து தானாகவே ஆஸ்பிரின் வாங்கி போடக்கூடாது. டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு ஏற்படும். பிளேட்லெட் 10 லட்சத்தை தாண்டியவர்களுக்கும் ரத்தம் கசியும் ஆபத்து உண்டு.

திடீரென வாய் குழறுதல், ஒரு பக்கம் கை, கால் செயலிழத்தல், நெஞ்சுவலி வந்தால் உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.