ஒற்றைக் கோடும் உண்மையும்

'வெளுத்ததெல்லாம் பால் அல்ல' என்பது பழமொழி. அதன் பொருளை நான் உணர்ந்தது வகுப்பறையில் அல்ல. ஒரு சிறிய சோதனை அட்டையின் முன்னால்.

2022 ஜனவரி மாதம். ஓமிக்ரான் அலை பரவிய நேரம். பள்ளி மாணவனாக இருந்த எனக்குத் தொண்டை கரகரத்தது. மருந்துக் கடையில் வீட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றை வாங்கி, மூக்கினுள் குச்சியை விட்டுச் சோதித்தேன். ஒரே கோடு! 'கொரோனா இல்லை' என்று மகிழ்ந்து, அன்று மாலையே அப்பத்தாவின் கட்டிலில் அமர்ந்து கதை பேசினேன். மறுநாள் காய்ச்சல் வந்தது. ஆய்வகத்தில் சோதித்தபோது 'உண்டு' என்று முடிவு வந்தது. சில நாட்களில் அப்பத்தாவும் படுத்துவிட்டார். நல்லவேளையாக இரண்டு வாரங்களில் தேறினார். ஆயினும் அந்த ஒற்றைக் கோடு என் மனத்தில் கேள்விக்குறியாக நின்றுவிட்டது. அட்டை பொய் சொன்னதா?

நண்பர்களே, இவ்விரு சோதனைகளும் தேடுகின்ற பொருள்களே வேறு. அட்டைச் சோதனை, ஆன்டிஜென் எனப்படும் வைரசின் புரதத்தைத் தேடுகிறது. மூக்கிலிருந்து எடுத்த நீர்மம் அட்டையிலுள்ள தாளில் ஊறிச் செல்லும்போது, நிறமேற்றிய எதிர்ப்பொருள்கள் அப்புரதத்தைப் பற்றிக்கொள்கின்றன. அவை 'டி' என்ற இடத்தில் சிக்கிக் கோடாகத் தெரிகின்றன. 'சி' என்ற இடத்தில் தோன்றும் கோடு, சோதனை முறையாக நடந்தது என்பதற்கு மட்டுமே சான்று. அக்கோடு தோன்றாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது.

ஆர்.டி.பி.சி.ஆர். என்னும் ஆய்வகச் சோதனையோ வைரசின் மரபுப் பொருளான ஆர்.என்.ஏ.வைத் தேடுகிறது. அதை முதலில் டி.என்.ஏ.வாக மாற்றிப் பிறகு பெருக்குகிறார்கள். இவ்வாறு பெருக்கும் முறையை 1983இல் கண்ட கேரி முல்லிஸ், 1993இல் நோபல் பரிசு பெற்றார். ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். கணக்குப்படி 30 சுற்றுகளில் ஒரே ஒரு துணுக்கு 107 கோடியாகிவிடும்!

கையளவு மண்ணில் நெல்மணி கிடக்கிறதா என்று கண்ணால் தேடுவது போன்றது அட்டைச் சோதனை. அம்மண்ணுக்கு நீர் விட்டு, பயிர் முளைக்கிறதா என்று காத்திருந்து பார்ப்பது போன்றது ஆய்வகச் சோதனை.

2020 ஜூன் மாதம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் முதல் அட்டைச் சோதனைக்கு ஒப்புதல் தந்தபோது வெளியிட்ட கணக்கு இது: நோயற்றவரை நோயற்றவர் என்று காட்டும் திறன் 99.3 முதல் 100 விழுக்காடு. நோயுள்ளவரைக் கண்டுபிடிக்கும் திறன் 50.6 முதல் 84 விழுக்காடு. அதாவது, நோயுள்ள நூறு பேரில் 16 பேர் முதல் 49 பேர் வரை தப்பிவிடலாம். எனவே அட்டை 'உண்டு' என்றால் நம்பலாம்; அறிகுறி உள்ளவருக்கு 'இல்லை' என்றால் ஆய்வகச் சோதனையும் செய்ய வேண்டும் என்று அக்கழகமே அறிவுறுத்தியது. தமிழ்நாடு அவ்வாண்டில் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையையே பெரிதும் கைக்கொண்டது.

அப்படியானால் அட்டை வீண்தானா? இல்லை. ஆய்வக முடிவு வர மணிக்கணக்கில், சில வேளை நாட்கணக்கில் ஆகும். அதற்குள் நோய் நாலு பேருக்குப் பரவிவிடும். அட்டையோ கால் மணி முதல் அரை மணி நேரத்திற்குள் விடை சொல்லும். வைரஸ் மிகுந்திருப்பவரைப் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். மேலும், நோய் தீர்ந்து பல வாரங்கள் ஆன பின்னும் எஞ்சிய துணுக்குகளைக் கண்டு ஆய்வகச் சோதனை 'உண்டு' என்று சொல்வதுண்டு. விரைவு ஒன்றின் சிறப்பு. நுட்பம் மற்றொன்றின் சிறப்பு.

அட்டை பொய் சொல்லவில்லை. 'என் கண்ணுக்குத் தெரியவில்லை' என்றுதான் அது சொன்னது. 'இல்லவே இல்லை' என்று நானாகப் பொருள் கொண்டேன். அறிகுறி இருந்தால் மீண்டும் சோதிக்க வேண்டும் என்னும் எச்சரிக்கை, பெட்டிக்குள் இருந்த தாளிலேயே அச்சிடப்பட்டிருந்தது. அதைப் படிக்காதது என் பிழை.

அறிவியல் தரும் விடையை மட்டுமன்று, அவ்விடையின் எல்லையையும் அறிந்துகொள்வதே கல்வி. உடல் ஒன்று சொல்ல, அட்டை வேறொன்று சொன்னால், ஐயம் தீரும்வரை முதியோரிடமிருந்து விலகியிருப்போம். அந்தச் சில நாள் பிரிவும் அன்பின் அடையாளமே.