பீர் ஃபேக்டரியில் ஒரு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கிளாஸ்!

டி-டெஸ்ட் ஞாபகம் இருக்கா? எக்ஸாமுக்கு முந்தின ராத்திரி ஃபார்முலாவை மட்டும் மனப்பாடம் பண்ணிவிட்டு, 'எவன்டா இதைக் கண்டுபிடிச்சது?' என்று பல்லைக் கடித்திருப்பீர்களே... அந்த மனுஷர் வேலை பார்த்த இடத்துக்கே போய்விட்டு வந்தேன். அயர்லாந்து தலைநகர் டப்ளினில், செயின்ட் ஜேம்ஸஸ் கேட். கின்னஸ் பீர் ஃபேக்டரி. ஆமாம் பாஸ், பீர் ஃபேக்டரியேதான்!

கூட வந்தது என் காலேஜ் தோஸ்த். ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அரியரை மூணாவது அட்டெம்ப்ட்டில் க்ளியர் பண்ணினவன், இப்போது அங்கே டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்கிறான் (விதி வலியது!). போய் ஒரு மாசம்தான் ஆகியிருந்தது. ஏர்போர்ட்டில் கட்டிப்பிடித்த கையோடு சொன்னான். "மச்சி, இந்த ஊர் சாப்பாடு எனக்குச் சரிப்படாதுடா. நாலு கடையில சாப்ட்டுப் பார்த்துட்டேன். எல்லாம் உப்பு சப்பில்லாத உருளைக்கிழங்கு. இந்த செமஸ்டரோட ஊருக்கே வந்துடறேன்."

எஜுகேஷன் லோன். ஜாமீன் கையெழுத்து அவன் அப்பாவுடையது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால், வந்த இடத்தில் அட்வைஸ் பண்ண எனக்குப் பிடிக்காது. "சரி, முதல்ல ஊரைச் சுத்திக் காட்டு" என்றேன்.

ஃபேக்டரி இருக்கும் ஏரியாவுக்குள் நுழையும்போதே வாசனை வந்துவிடுகிறது. காலையில் காபிக்கொட்டை வறுக்கிற கடையைத் தாண்டிப் போவோமே, அந்த மாதிரி. காபி இல்லை, வறுத்த பார்லி. அந்தக் கறுப்புக் கலருக்கும் லேசான கசப்புக்கும் அதுதான் காரணம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கறுப்பு இல்லை, அடர் சிவப்பு என்பது தனி ஆச்சர்யம்.

டூரிஸ்ட்டுகளை விடுகிற கட்டடத்துக்கு ஸ்டோர்ஹவுஸ் என்று பெயர். 1904-ல் பீரை நொதிக்க வைப்பதற்காகக் கட்டியது. 1988 வரை அந்த வேலை நடந்தது. 2000-ல் கண்காட்சியாக மாற்றிவிட்டார்கள். ஏழு மாடி. நடுவில் ராட்சத பீர் டம்ளர் வடிவத்தில் ஒரு கண்ணாடி வெற்றிடம். நிரப்பினால் 1 கோடியே 43 லட்சம் பைண்ட் பிடிக்குமாம்! ஒரே குறை, நிஜமாகக் காய்ச்சுகிற இடம் இது இல்லை. அது பக்கத்து காம்பவுண்ட்.

தரைத்தளத்தில், காலுக்குக் கீழே கண்ணாடி போட்டு ஒரு பத்திரம் வைத்திருக்கிறார்கள். 1759-ல் ஆர்தர் கின்னஸ் என்பவர் இந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்த பத்திரம். வருஷத்துக்கு 45 பவுண்ட். எத்தனை வருஷத்துக்கு? 9,000! நம்ம ஹவுஸ் ஓனர் 11 மாச அக்ரிமென்ட் முடிகிற அன்றைக்கே வாசலில் வந்து நிற்கிறார். பிறகு அந்த இடத்தைக் கம்பெனியே விலைக்கு வாங்கிவிட்டது.

இப்போது நம்ம ஆள். பெயர் வில்லியம் சீலி காஸெட். ஆக்ஸ்ஃபோர்டில் கெமிஸ்ட்ரியும் மேத்ஸும் படித்துவிட்டு 1899-ல், 23 வயசில், கின்னஸில் வேலைக்குச் சேர்ந்தார். பார்லி ஒவ்வொரு வயலிலும் ஒரு மாதிரி விளையும். வாசனைக்குப் போடுகிற ஹாப்ஸ் பூ ஒவ்வொரு மூட்டையிலும் ஒரு மாதிரி இருக்கும். எது நல்லது? சோதிக்க ஆயிரம் வயலுக்கு எங்கே போவது? கையில் இருப்பது நாலைந்து ரிசல்ட்தான். அன்றைய கணக்குமுறைகளோ எக்கச்சக்க சாம்பிள் இருந்தால்தான் வேலைக்கு ஆகும். 1906-ல் லண்டனுக்குப் போய் கார்ல் பியர்சனின் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார். 1908-ல் 'பயோமெட்ரிகா' இதழில் அவர் கட்டுரை வந்தது. ஆனால், கட்டுரையில் அவர் பெயர் இல்லை. தொழில் ரகசியம் கசிந்துவிடும் என்று ஊழியர்கள் சொந்தப் பெயரில் எழுதக் கம்பெனி அனுமதிக்கவில்லை. அதனால் போட்டுக்கொண்ட புனைபெயர்தான் 'ஸ்டூடன்ட்'. ஸ்டூடன்ட்ஸ் டி-டெஸ்ட் என்றால் ஸ்டூடன்ட்டுகளைப் படுத்துகிற டெஸ்ட் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்!

நண்பன் சும்மா இருப்பானா? எஸ்கலேட்டரில் போகும்போதே எனக்கு கிளாஸ் எடுத்தான். "சாம்பிள் எக்கச்சக்கமா இருந்தா 1.96 தாண்டினாலே போதும், வித்தியாசம் நிஜம்னு சொல்லிடலாம். சாம்பிள் நாலுதான்னா 3.182 தாண்டணும். கம்மியா பார்த்தவன் சுலபத்துல முடிவு சொல்லக் கூடாது, அவ்வளவுதான் மேட்டர்."

நான் அவனையே பார்த்தேன். "எத்தனை கடையில சாப்ட்டேன்னு சொன்னே?"

"டேய்..." என்றான். அப்புறம் ரெண்டு மாடிக்குப் பேச்சே இல்லை.

கின்னஸ் ஊற்றுவதை ஒரு சடங்காகவே சொல்லித் தருகிறார்கள். கிளாஸை 45 டிகிரி சாய்த்து முக்கால்வாசி நிரப்பி, கொஞ்ச நேரம் சும்மா விட்டு, அப்புறம் மிச்சத்தை ஊற்ற வேண்டும். மொத்தம் 119.5 விநாடி. நுரைக்குமிழிகள் மேலே போகாமல் கீழே இறங்குவது போலத் தெரியும். கண் கோளாறு இல்லை. கிளாஸ் மேலே அகலமாக இருப்பதால், ஓரத்தில் பீர் கீழ்நோக்கி ஓடுகிறது, குட்டிக் குமிழிகளையும் இழுத்துக்கொண்டு போகிறது. 2012-ல் அயர்லாந்தின் லிமெரிக் பல்கலைக்கழகத்தில் இதற்கே ஆராய்ச்சி நடத்தினார்கள். நமக்கெல்லாம் ஏன் இப்படி ப்ராஜெக்ட் கிடைப்பதில்லை?

உச்சி மாடியில் சுற்றிலும் கண்ணாடி போட்ட கிராவிட்டி பார். டிக்கெட்டிலேயே ஒரு பைண்ட் சேர்த்தி. குடிக்காத என்னைப் போன்ற சாமியார்களுக்கு ஆல்கஹால் இல்லாத ஐட்டமும் உண்டு. இங்கே சட்டப்படி 18 வயசு ஆகியிருக்க வேண்டும். இன்னொரு விஷயம், ஐரிஷ் பப்புகளில் கும்பலோடு போனால் ஆளுக்கு ஒரு ரவுண்டு எல்லோருக்கும் வாங்கித்தர வேண்டும் என்பது எழுதாத சட்டம். பர்ஸைப் பார்த்துக்கொண்டு கும்பலில் சேரவும். சைவ நண்பர்களுக்கு ஒரு தகவல், பீரைத் தெளிய வைக்க அந்தக் காலத்திலிருந்து மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கிற ஜவ்வைச் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதை விட்டுச் சில வருஷங்கள்தான் ஆகின்றன.

ராத்திரி சாப்பாட்டுக்கு அலைந்த கதை தனி. ஒன்பதேகால் மணிக்கு ஒரு பப்புக்குள் போனால், "கிச்சன் மூடியாச்சு" என்றார்கள். பாட்டு ஓடுகிறது, கூட்டம் அலைமோதுகிறது, சாப்பாடு மட்டும் கிடையாது! நண்பன் என்னை ஒரு லுக் விட்டான், 'பார்த்தியா?' என்று. நல்லவேளை, கொஞ்ச தூரத்தில் கிறைஸ்ட் சர்ச் கதீட்ரல் பக்கத்துச் சந்தில் லியோ பர்டாக் கடை திறந்திருந்தது. 1913-லிருந்து மீனும் சிப்ஸும் பொரிக்கிற கடை. டப்ளின்காரர்கள் 'ஒன் அண்ட் ஒன்' என்பார்கள். பேப்பரில் சுற்றித் தருகிறார்கள், நம்ம ஊர் பஜ்ஜி மாதிரி. கையகல மீன், மொறுமொறு மாவு, விரல் தடிமனில் உருளைக்கிழங்கு.

கதீட்ரல் பக்கம் ஒரு திட்டில் உட்கார்ந்தோம். குளிர் எலும்பைக் குத்தியது. மீனிலிருந்து ஆவி பறந்தது. வினிகரைத் தாராளமாகத் தெளித்து, பேக்கில் எப்போதும் வைத்திருக்கிற இட்லிப் பொடி டப்பாவைத் திறந்து மேலே தூவினான் பாவி! ஒரு வாய் எடுத்தான். ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு வாய். என் பங்கு சிப்ஸிலும் கை வைத்தான்.

"எப்படிடா இருக்கு?"

"இது அஞ்சாவது சாம்பிள்" என்றான், வாய் நிறைய மீனோடு. "நாளைக்கு பாக்ஸ்டின்னு உருளைக்கிழங்கு தோசை ஒண்ணு இருக்காம். போய்ப் பார்ப்போமா?"