தொல்லெலும்பும் தொடும் கையும்

தாம்பரத்தை அடுத்த பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கல்லாயுதம் ஒன்றைக் கண்டெடுத்தார். எத்தனை பேர் கையில் எடுத்தாலும் அக்கல்லின் சான்று குன்றாது. அதே ஊரில் பின்னர் அலெக்சாண்டர் ரீ சுடுமண் ஈமப்பேழையை வெளிக்கொணர்ந்தார். இத்தகைய ஈமச்சின்னங்களில் கிடைக்கும் எலும்பின் நிலை வேறு. வெறுங்கை ஒருமுறை பட்டாலே அதன் சாட்சியம் ஐயத்துக்குள்ளாகலாம்.

இதன் காரணத்தை நாம் அறிதல் வேண்டும். உயிர் பிரிந்ததும் டி.என்.ஏ. சிதையத் தொடங்குகிறது. நம் நாட்டின் வெப்பமும் ஈரமும் அச்சிதைவை விரைவுபடுத்துகின்றன. எஞ்சுபவை மிகச் சிறு துணுக்குகளே. எலும்பைக் கையாள்பவரின் தோல்துகளிலும் உமிழ்நீரிலும் உள்ள டி.என்.ஏ.யோ புதியது, முழுமையானது. ஆய்வில் படியெடுத்துப் பெருக்கும்போது பழையதைப் புதியது எளிதில் மூடிவிடும். 1994இல் 8 கோடி ஆண்டுப் பழமையுடைய எலும்பிலிருந்து டைனோசரின் டி.என்.ஏ. கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது, அது மனிதருடையது என்று அடுத்த ஆண்டே பிறர் எடுத்துக்காட்டினர்.

ஆகவே, எலும்பைப் பொடித்து டி.என்.ஏ.யைப் பிரிக்கும் அறை, அதனைப் பெருக்கும் கூடத்திலிருந்து முற்றிலும் விலக்கி அமைக்கப்படுகிறது. பெருக்கும் கூடத்தில் பணியாற்றியவர் அன்றே தூய அறைக்குத் திரும்புவதில்லை. அங்கு வடிகட்டிய காற்று செலுத்தப்படுகிறது. மேசைகள் சலவைக்காரத்தாலும் புற ஊதாக் கதிராலும் தூய்மை செய்யப்படுகின்றன. ஆய்வாளர் முழுஉடல் அங்கியும் முகமூடியும் இரட்டைக் கையுறையும் அணிகின்றார். எலும்பின் மேற்பரப்பு சுரண்டி நீக்கப்படுகிறது.

இவ்வளவும் செய்தபின்னும் ஆய்வாளர் தம்மையே ஐயுறுகிறார். எலும்புத்தூள் சேராத வெற்றுக் குழாய் ஒன்றையும் அதே படிகளினூடே செலுத்துகிறார். அதில் டி.என்.ஏ. தென்பட்டால் மாசு புகுந்துவிட்டது என்பது வெளிப்படை. மேலும், பழைய துணுக்குகளின் முனைகளில் காலத்தால் நேரும் தனித்த வேதிச்சிதைவு உண்டு; புதிய டி.என்.ஏ.யில் அது அவ்வளவாகக் காணப்படாது. ஆய்வாளர் அந்த அடையாளத்தைத் தேடுகிறார். அரியானாவின் இராகிகடியில் 61 மாதிரிகளை ஆராய்ந்து, ஒரேயொரு பெண்ணின் எலும்பிலிருந்தே பயன்தரும் மரபுத் தரவு பெறப்பட்டதாக 2019இல் வெளியிட்டனர்.

கீழடியை அடுத்த கொந்தகையில் முதுமக்கள் தாழிகளோடு எலும்புகளும் கிடைத்துள்ளன. நம் முன்னோர் யாவர் என்னும் வினாவுக்கு விடைகாண அவற்றை ஆராய்கின்றனர். ஆய்வுக்கூடத்தின் தூய்மை அகழ்வுக் குழியிலேயே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து. ஆர்வத்தால் கையுறையின்றி எலும்பைத் தொடுபவர், முன்னோரின் சாட்சியத்தில் தம் சாட்சியத்தைக் கலந்துவிடுகிறார். கலந்ததைப் பிரித்தெடுப்பது அரிது. கலவாமல் காப்பதே எளிது.