லண்டன் சிரிப்பு... ராஜபாளையம் சரக்கு! கதை எழுதுகிறவர்களே, உஷார்!

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே பத்து, பன்னிரண்டு கிலோ மீட்டர்தான். பஸ்சில் ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்துக்குள் சிரிப்புக்குப் பஞ்சம் இருக்காது. கண்டக்டர் ஒரு ஜோக் அடிப்பார். சில்லறை இல்லாத பயணி இன்னொன்று அடிப்பார். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏம்ப்பா, இதை அப்படியே எழுதினா ஒரு டி.வி. நாடகம் ஆகாதா?" என்று கேட்கிற ஆள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு.

ஆகும் சார், கண்டிப்பாக ஆகும்! இங்கிலாந்துக்காரன் அப்படித்தான் செய்தான்.

ஓட்டல் முதலாளியின் கோபம்

1970-ம் வருஷம். லண்டனில் இருந்து ஒரு காமெடி கோஷ்டி டார்க்கே என்ற கடற்கரை ஊருக்குப் படப்பிடிப்புக்குப் போனது. தங்கிய ஓட்டலின் முதலாளி ஒரு சிடுமூஞ்சி. வந்த விருந்தாளிகளைப் பார்த்தாலே அவருக்கு எரிச்சல். மற்றவர்கள் வேறு ஓட்டலுக்கு மாறிவிட்டார்கள். ஜான் கிளீஸ் என்ற நடிகர் மட்டும் அங்கேயே இருந்து அந்த முதலாளியைக் கவனித்தார்.

பிறகு அவரும் அவர் மனைவி கோனி பூத்தும் சேர்ந்து எழுதிய தொடர்தான் 'ஃபால்ட்டி டவர்ஸ்'. எழுதிக் கொடுத்ததும் நடந்தது என்ன தெரியுமா? 1974-ல் பி.பி.சி.யில் கதை படித்துப் பார்க்கும் அதிகாரி, "பெயரைப் போலவே சரக்கும் மோசம்" என்கிற தோரணையில் குறிப்பு எழுதி வைத்தார்! நல்லவேளை, மேலே இருந்தவர்கள் அந்தக் குறிப்பைக் கேட்கவில்லை. 1975-ல் ஆறு, 1979-ல் ஆறு, ஆக மொத்தம் 12 எபிசோடுதான். ஆனால் 2000-ம் ஆண்டில் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் அந்த நாட்டின் சிறந்த 100 டி.வி. நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்தியபோது, முதல் இடம் இதற்குத்தான்.

கதையைத் திருப்பி அனுப்பினால் மனம் உடைகிற தம்பிகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

யாரும் பேசாத தொடர்கள்

'ஃபால்ட்டி டவர்ஸ்' பெயர் பெற்றது. பெயர் வெளியே வராத சரக்கும் உண்டு. அதில் நம் நாட்டு வாடை அடிக்கிற சரக்கும் இருக்கிறது.

1974 முதல் 1981 வரை 'இட் எயின்ட் ஹாஃப் ஹாட் மம்' என்று ஒரு தொடர். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் நாசிக் பக்கத்து தேவ்லாலி ராணுவ முகாமில், சிப்பாய்களுக்கு நாடகம் போட்டுக் காட்டும் கோஷ்டியின் கதை. இந்தியா என்று காட்டியதெல்லாம் இங்கிலாந்தில் எடுத்தது! அதில் இந்திய வேலைக்காரராக வந்தவர், முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர் மைக்கேல் பேட்ஸ். அவர் பிறந்த ஊர் ஜான்சி. இந்தச் சாயத்தாலேயே பிற்காலத்தில் தொடருக்குக் கண்டனம் வந்தது. பி.பி.சி. இதை மறு ஒளிபரப்பு செய்வதில்லை.

இன்னொன்று 'தந்தூரி நைட்ஸ்'. 1985-ல் லண்டனில் சேனல் ஃபோர் ஒளிபரப்பியது. எழுதியவர்களில் முக்கியமானவர் புனேயில் பிறந்த ஃபரூக் தோண்டி. நடித்தவர் சயீத் ஜாஃப்ரி. கதை என்ன? லண்டனில் போட்டி போடும் இரண்டு இந்தியச் சாப்பாட்டுக் கடைகள். அவ்வளவுதான்!

நம்ம ஊருக்கு வந்தது எப்படி?

இங்கிலாந்துச் சரக்கு நம் நாட்டுக்குள் வேஷம் மாற்றியும் வந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கும் வாத்தியாரின் பாடு 'மைண்ட் யுவர் லாங்வேஜ்'. 1977-ல் தொடங்கியது. 1993-ல் பங்கஜ் கபூர் நடிக்க, அது இந்தியில் 'ஜபான் சம்பால்கே' ஆனது. மந்திரியை அதிகாரி எப்படி ஆட்டி வைக்கிறார் என்று காட்டிய 'எஸ் மினிஸ்டர்', 2001-ல் ஃபரூக் ஷேக் நடிக்க 'ஜி மந்த்ரிஜி' ஆனது. இது பி.பி.சி.யிடம் முறையாக உரிமை வாங்கி எடுத்தது.

தமிழ்நாட்டில் இந்த வேலையைச் செய்தது மேடை நாடகம். கிண்டி இன்ஜினீயரிங் கல்லூரி மாணவராக இருந்தபோது 1972-ல் போட்டிக்காக நாடகம் எழுதினார் மோகன். 1976-ல் எஸ்.வி. சேகர் குழுவுக்காக 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதினார். நாடகத்தின் பெயர் ஆளோடு ஒட்டிக்கொண்டது. அவர்தான் கிரேஸி மோகன்! அவருடைய 'மேரேஜ் மேட் இன் சலூன்' நாடகத்தை 1983-ல் கே. பாலசந்தர் 'பொய்க்கால் குதிரை' என்று படமாக்கினார். 2019 ஜூன் 10-ல் அவர் மறைந்த பிறகும் அவர் வசனத்தை ஜனங்கள் விடவில்லை.

இதோ மூன்று ஐடியா!

இந்தத் தொடர்களின் சூட்சுமம் லேசானது. ஒரே இடம். அதே நாலு ஆட்கள். யாரும் அந்த இடத்தை விட்டு ஓட முடியாது. கதாநாயகன் ஒன்றை ஆசைப்படுவான். அவன் குணமே அதைக் கெடுக்கும். வாரா வாரம் இதேதான். அப்படிப் பார்த்தால் நம் பக்கத்தில் சரக்கு குறைவா?

ஒன்று: ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பால்கோவா கடை. அண்ணன் கடையில் 'அசல்' என்று போர்டு. தம்பி கடையில் 'அசலுக்கும் அசல்' என்று போர்டு. 2019-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்தச் செய்தி வந்த அன்று இரண்டு கடையிலும் என்ன நடந்திருக்கும்?

இரண்டு: ஆடிப்பூரத் தேரோட்டம். லாட்ஜில் எல்லா ரூமும் புல். மானேஜருக்கு மூக்கின் மேல் கோபம். "ரூம் இருக்கா?" என்று கேட்டு வந்தவரை விரட்டி அடிக்கிறார். வந்தவர் யார்? லாட்ஜை வாங்க வந்த கோடீஸ்வரர்!

மூன்று: ஒரு நகராட்சி ஆபீஸ். புதுத் தலைவருக்குத் தெருவிளக்கு போட ஆசை. ஏன் போட முடியாது என்பதற்கு நாற்பது காரணம் வைத்திருக்கிறார் ஹெட் கிளார்க். அய்யா எதற்கும் மறுப்பு சொல்ல மாட்டார். "ஆகட்டுங்க" என்பார். விளக்கு மட்டும் எரியாது!

கதை திருட்டு போனால்?

இங்கேதான் உஷாராக இருக்க வேண்டும். மேலே சொன்ன மூன்றையும் யார் வேண்டுமானாலும் எடுத்து எழுதலாம். ஏன் என்றால் வெறும் ஐடியாவுக்குச் சட்டத்தில் உரிமை கிடையாது.

இதற்கு ஒரு வழக்கே உண்டு. டெல்லியில் கட்டிடக் கலைஞரான ஆர்.ஜி. ஆனந்த் 'ஹம் இந்துஸ்தானி' என்ற நாடகம் எழுதி 1954-ல் மேடை ஏற்றினார். பஞ்சாபிக் குடும்பம், மதராசிக் குடும்பம், இரண்டுக்கும் நடுவே காதல். 1956-ல் வைஜயந்திமாலா நடித்த 'நியூ டெல்லி' படம் வந்தது. "என் கதை!" என்று கோர்ட்டுக்குப் போனார். 1978-ல் சுப்ரீம் கோர்ட் வரை போய்த் தோற்றார். "கரு ஒன்றாக இருக்கலாம். அதை எழுதிய விதத்தைக் காப்பி அடித்தால்தான் குற்றம்" என்பது தீர்ப்பின் சாரம்.

இன்னொரு பக்கமும் பாருங்கள். 2018-ல் 'சர்கார்' படம் வெளிவரும் முன்னால் ஓர் உதவி இயக்குநர் உரிமை கொண்டாடினார். அவர் கையில் இருந்த துருப்புச் சீட்டு, 2007-ல் தென்னிந்திய திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிவு செய்த 'செங்கோல்' கதை. ஐகோர்ட்டில் சமரசம் ஆனது. படத்தில் அவர் பெயரைப் போட ஒப்புக்கொண்டார்கள்.

ஆகவே டீக்கடையில் வாயால் சொன்ன கதைக்குச் சாட்சி டீ கிளாஸ் மட்டும்தான். வசனத்தோடு, காட்சி காட்சியாக எழுதியது உங்கள் சொத்து. எழுதிய உடனே காப்புரிமை பிறந்துவிடுகிறது. பதிவு கட்டாயம் இல்லை. ஆனால் வழக்கு என்று வந்தால் பதிவுதான் கை கொடுக்கும். ஆசிரியர் காலத்துக்குப் பிறகும் 60 வருஷம் அந்த உரிமை வாரிசுக்கு உண்டு.

பஸ்சில் கேட்ட ஜோக் பொதுச் சொத்து. அதை நாடகமாக எழுதி முடித்தால் உங்கள் சொத்து. முதலில் எழுதி முடியுங்கள். தேதியைப் போடுங்கள். அதன் பிறகு கதையைச் சொல்லுங்கள்!