நைட்ரஜனை எண்ணி புரோட்டீனைக் கண்டுபிடிக்க முடியுமா?

இன்னைக்கு எபிசோட்ல கொஞ்சம் கணக்கு இருக்கு. பயப்படாதீங்க, பத்தாம் வகுப்பு அல்ஜீப்ராதான். பஸ்ல போயிட்டு இருக்கீங்கன்னா சும்மா கேட்டாலே போதும்.

கேள்வி இதுதான். ஒரு கலவையில என்னென்ன பொருள் இருக்குன்னு தெரியும், எது எவ்வளவுன்னு தெரியாது. லேப்ல கொடுத்தா, "இதுல நைட்ரஜன் இத்தனை சதவீதம்"னு ஒரே ஒரு நம்பர் தர்றாங்க. அதை வெச்சு ஒவ்வொரு பொருளோட அளவையும் சொல்ல முடியுமா?

முடியும். முதல்ல ஒரு தனிப்பொருளைப் பார்ப்போம். மெலமைன். பிளாஸ்டிக் தட்டு, லேமினேட் ஷீட் எல்லாம் செய்ய உதவுற வெள்ளைப் பொடி. இதோட ஒரு மூலக்கூறுல 3 கார்பன், 6 ஹைட்ரஜன், 6 நைட்ரஜன். அணு எடைகள் 12, 1, 14. அப்போ 36 + 6 + 84 = 126. அதுல நைட்ரஜன் மட்டும் 84. அதாவது எடையில 66.7 சதவீதம், மூணுல ரெண்டு பங்கு! பால் புரோட்டீன்ல நைட்ரஜன் சுமார் 15.7 சதவீதம்தான்.

இப்போ இந்த ரெண்டை மட்டும் கலந்த ஒரு பொடி நம்ம கையில இருக்குன்னு வெச்சுக்குவோம். லேப் ரிப்போர்ட்ல நைட்ரஜன் 20.8 சதவீதம். 100 கிராம் பொடியில மெலமைன் x கிராம்னா, புரோட்டீன் 100 − x கிராம். நைட்ரஜனைக் கூட்டுவோம்:

0.667x + 0.157(100 − x) = 20.8

சுருக்கினா 0.51x = 5.1. x = 10. மெலமைன் 10 கிராம், புரோட்டீன் 90 கிராம். அவ்வளவுதான்!

இது ஏன் வேலை செஞ்சது? தெரியாதவை ரெண்டு, சமன்பாடும் ரெண்டு: நைட்ரஜன் ஒண்ணு, "மொத்தம் 100" ஒண்ணு. மூணாவதா லாக்டோஸும் கலந்திருந்தா நைட்ரஜன் மட்டும் பத்தாது, கார்பனையும் அளக்கணும். பொருள் ஒண்ணு கூடினா அளவீடும் ஒண்ணு கூடணும். அதைவிட முக்கியமா, உள்ளே என்னென்ன இருக்குங்கிற லிஸ்ட் சரியா இருக்கணும். லிஸ்ட் தப்புன்னா கணக்கு எரர் காட்டாது. அமைதியா ஒரு தப்பான விடையைக் கொடுத்துட்டுப் போயிடும்.

இனிமேதான் கதை.

1883-ல டென்மார்க்ல கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்துல வேலை பார்த்த யோஹான் கெல்டால், தானியத்துல இருக்குற புரோட்டீனை அளக்க ஒரு வழி கண்டுபிடிச்சார். சாம்பிளை சல்ஃப்யூரிக் அமிலத்துல கொதிக்க வெச்சு, அதுல இருக்குற நைட்ரஜனை அமோனியாவா மாத்தி அளக்குறது. பாலுக்குன்னா வர்ற நைட்ரஜனை 6.38-ஆல பெருக்குவாங்க. புரோட்டீன் கிடைச்சிடும். மலிவானது, நம்பகமானது. உலகம் முழுக்கப் பரவிடுச்சு.

ஆனா அந்த 6.38-க்குள்ள ஒரு நம்பிக்கை ஒளிஞ்சிருக்கு: "பால்ல இருக்குற நைட்ரஜன் எல்லாம் புரோட்டீன்ல இருந்துதான் வருது."

100 கிராம் பால்ல சுமார் 3.2 கிராம் புரோட்டீன், அதாவது 0.5 கிராம் நைட்ரஜன். அஞ்சுல ஒரு பங்கு பாலை எடுத்துட்டு தண்ணி ஊத்தினா நைட்ரஜன் 0.4 ஆகும். 6.38-ஆல பெருக்கினா புரோட்டீன் 2.55. மாட்டிக்குவாங்க. ஆனா குறைஞ்ச 0.1 கிராம் நைட்ரஜனை ஈடுகட்ட 0.15 கிராம் மெலமைன் போதும். மெஷின் மறுபடியும் 3.2-ன்னு காட்டும்.

சீனாவுல நடந்தது இதுதான். 2008 செப்டம்பர்ல விஷயம் வெளியே வந்தப்போ, சான்லு உட்பட பல கம்பெனிகளோட பால்பவுடர்ல மெலமைன் இருந்தது தெரிஞ்சது. குழந்தைங்க உடம்புல மெலமைனும் யூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகக் கல்லாச்சு. கிட்டத்தட்ட 3 லட்சம் குழந்தைங்க பாதிக்கப்பட்டாங்க. அரசுக் கணக்குப்படி 6 குழந்தைங்க இறந்தாங்க. இதுக்கு முந்தின வருஷம்தான் அமெரிக்காவுல நாய், பூனை உணவுல இதே மெலமைன் சிக்கியிருந்தது.

கெல்டால் முறை தப்பா? இல்ல. அது நைட்ரஜனைச் சரியாத்தான் அளந்தது. நாமதான் அதை புரோட்டீன்னு படிச்சோம்.

தீர்வும் நம்ம பழைய விதியிலேயே இருக்கு: தெரியாத பொருள் கூடினா அளவீட்டையும் கூட்டு. பால்ல டிரைகுளோரோஅசிட்டிக் அமிலம் சேர்த்தா புரோட்டீன் திரிஞ்சு அடியில தங்கிடும். மெலமைன் தண்ணியிலேயே நிக்கும். வடிகட்டி ரெண்டு பக்கமும் நைட்ரஜனைத் தனித்தனியா அளந்தா, வேஷம் கலைஞ்சிடும். மெலமைனையே நேரடியாத் தேடுற டெஸ்ட்டும் இருக்கு.

கோட் எழுதுற எனக்கு இது ரொம்பப் பழகின வலி. எல்லா டெஸ்ட்டும் பச்சை காட்டும், ஆனா டெஸ்ட் கேட்ட கேள்வியே வேற. அங்க ஒரு பக் வரும், நைட்டு உட்கார்ந்து சரி பண்ணிடலாம். பால்பவுடர் டப்பாவுல அந்த வசதி கிடையாது.

அடுத்த தடவை ஏதாவது பாக்கெட்ல "புரோட்டீன் இத்தனை கிராம்"னு பார்த்தீங்கன்னா, ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க: இவங்க நிஜமா அளந்தது எதை?

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். டாட்டா!