புகழும் உடைமையும்: ‘லாங்ஸ்ரனைத் தேடி’ திரைப்படம் பற்றிய ஒரு குறிப்பு

எழுத்தாளனின் புகழ் அவனது எழுத்திலிருந்து தானாகவே விளைவதெனக் கொள்வது இலக்கிய வரலாற்றாசிரியர் பலரின் வழக்கம். புகழ் உடைமையாகவும் கைமாறும் என்பதை, ஐசாக் ஜூலியன் 1989இல் நெறிப்படுத்திய ‘லாங்ஸ்ரனைத் தேடி’ என்னும் படத்துக்கு நேர்ந்த கதி தெளிவுறுத்துகின்றது.

ஏறத்தாழ 45 நிமிடம் ஓடும் இக்கறுப்பு வெள்ளைப் படம், 1983இல் லண்டனில் கறுப்பினக் கலைஞர் சிலர் தோற்றுவித்த சங்கோஃபா என்னும் கூட்டுக்குழுவின் ஆக்கமாகும். ஆபிரிக்க அமெரிக்கக் கவிஞர் லாங்ஸ்ரன் ஹியூஸின் வாழ்க்கையை அது நிரல்படக் கூறவில்லை. படம் மரணச்சடங்கொன்றுடன் தொடங்குகின்றது. பிரேதப் பெட்டியிற் கிடப்பவர் நெறியாளரே. 1920களின் ஹார்லெமை நினைவூட்டும் விடுதியொன்றில் ஆண்கள் இணைந்து ஆடுகின்றனர். ஆண்களிடையிலான காதலை மறைக்காது புறூஸ் நியூஜென்ற் 1926இல் வெளியிட்ட கதையும், எசெக்ஸ் ஹெம்பிலின் கவிதைகளும் இடையிடையே ஒலிக்கின்றன. கறுப்பினக் கலையைப் போஷித்த வெள்ளையரின் கண்ணுக்குக் கறுப்புடலும் நுகர்பொருளாயிற்று என்பதைப் படம் கூர்மையாகவே உணர்த்துகின்றது.

ஹியூஸ் தமது காதல் வாழ்வு குறித்து வெளிப்படையாக எதுவும் கூறிச் சென்றவரல்லர். 1986இலும் 1988இலும் அவரது வரலாற்றை இரு பாகங்களில் வெளியிட்ட ஆர்னல்ட் ராம்பர்சாட் போதிய சான்றில்லை என்றே கருதினார். படமும் தீர்ப்பு வழங்கவில்லை, தேடுகின்றது, அவ்வளவே. ஆயினும் கவிஞரின் இலக்கிய உரிமையைக் கையேற்றிருந்தோர் பதிப்புரிமையின் பேரால் எதிர்த்தனர். 1989இல் நியூயோர்க் திரைப்பட விழாவில், கவிஞர் தம் கவிதையை வாசிக்கும் பழைய காட்சி வந்தபோது ஒலி தாழ்த்தப்பட்டது. கவிஞரின் உதடுகள் அசைந்தன, குரல் கேட்கவில்லை.

இது முதலாவது மௌனமன்று. 1932இல் சோவியத் நாட்டுக்குச் சென்றவரும் அத்தசாப்தத்திலே புரட்சிக் கவிதைகள் பல எழுதியவருமான ஹியூஸ், 1953இல் மக்கார்த்தியின் விசாரணைக் குழுவின்முன் நிறுத்தப்பட்டார். 1959இல் வெளிவந்த தேர்ந்த கவிதைத் தொகுதியில் அப்புரட்சிக் கவிதைகளிற் பெரும்பாலானவை இடம்பெறவில்லை. தெரிவு செய்தவர் கவிஞரேதான். தெரிவின் நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்ததென்பதை விளக்கவேண்டியதில்லை. பாடநூல்கள் ஏற்றுக்கொள்ளும் ‘இனத்தின் கவிஞர்’ இவ்விரு கழித்தல்களுக்குப் பின் எஞ்சியவரே. முதலாவதை அரசியல் ஒடுக்குமுறை எனக் கண்டிக்கும் முற்போக்கு விமர்சகர், இரண்டாவதை அந்தரங்க விடயமென ஒதுக்குவாராயின், உடைமையாளரின் தருக்கத்தையே அவரும் ஏற்றுக்கொள்கிறார்.

படத்தின் குறைபாடும் இங்கேயே உள்ளது. ஹார்லெமின் இரவுகளில் இலயித்துவிடும் ஜூலியனின் கமரா, 1930களின் பொதுவுடைமைச் சார்புடைய ஹியூஸை அநேகமாகத் தேடவேயில்லை. ஒளியமைப்பின் அழகு எத்துணைச் சிறப்பினதாயினும் இவ்வெற்றிடத்தை அது நிரப்பவில்லை.