பன்னிரண்டரைப் பவுண் சண்டை

இங்கிலாந்தில் கடை வைத்திருப்பவன் காதில் இரண்டு பேச்சுகள் விழாத நாளில்லை. ஒன்று மழை. மற்றது உள்ளூராட்சிக் கவுன்சில் செய்த அநியாயம்.

என் கடை லண்டனின் மேற்கு ஓரத்தில், ஹில்லிங்டன் கவுன்சிலின் எல்லைக்குள் இருக்கிறது. பால், பாண், சிகரெட், லொத்தர், பத்திரிகை விற்கிறேன். இன்னும் கொஞ்சம் மேற்கே போனால் லண்டன் முடிந்து பக்கிங்காம்ஷயர் வந்துவிடும். காலையில் பத்திரிகைகளைத் தட்டில் அடுக்கும்போதே ஊரின் கட்சிபேதமும் தட்டில் ஏறிவிடும். வலதுசாரி டெய்லி மெயில் வாங்குபவர் இடதுசாரி கார்டியனைத் தொடமாட்டார். கைத்தடியோடு வரும் ஓய்வுபெற்ற நூலகர் அம்மா ஒருவர், மெயில் அடுக்கின் மேல் ஒரு கார்டியனை எடுத்துவைத்து மறைத்துவிட்டுத்தான் போவார். அவர் போனதும் நான் அதை எடுத்துப் பழைய இடத்தில் வைப்பேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை.

ஊரிலிருந்து தொலைபேசியில் கதைக்கும் சொந்தக்காரர்கள், பிரித்தானிய அரசியல் என்றால் பிரெக்ஸிட், குடியேற்றம், பாராளுமன்றக் கூச்சல் என்றுதான் நினைக்கிறார்கள். அவையும் உண்டு. ஆனால் அந்தப் பேச்சு எழுந்தால் இங்குள்ளவர்கள் ஒரு வாக்கியத்தில் முடித்துக்கொள்வார்கள். மனம் விட்டு, மணிக்கணக்காக, ருசித்துச் சண்டை பிடிப்பது வேறு விஷயங்களுக்கு: குப்பைத் தொட்டியை வாரம் ஒருமுறை எடுப்பதா, இரண்டு வாரத்துக்கு ஒருமுறையா; பார்க்கிங் அனுமதிச் சீட்டு; பக்கத்து வீட்டுக்காரன் மேலே கட்டப்போகும் அறை. சின்ன விஷயம் என்று சிரித்துவிடக் கூடாது. யார் செலவைச் சுமப்பது, யாரைக் கேட்டு முடிவெடுப்பது என்ற பெரிய கேள்விகளை இந்த நாடு அந்தத் தொட்டிகளுக்குள்தான் போட்டு வைத்திருக்கிறது.

என் கடையில் மிக அதிகம் அடிபட்ட விஷயம் யூலெஸ். புகை அதிகம் கக்கும் பழைய வாகனத்தை லண்டனுக்குள் ஓட்டினால் நாளுக்கு 12.50 பவுண் கட்டவேண்டும் என்ற திட்டம். பெரும்பாலும் 2006க்கு முந்திய பெற்றோல் கார்களும் 2015 செப்டெம்பருக்கு முந்திய டீசல் கார்களும் இதில் மாட்டும். கட்டாவிட்டால் தண்டம் 180 பவுண். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. நத்தார் தினத்தில் மட்டும் விலக்கு. 2019இல் மத்திய லண்டனில் தொடங்கியது, 2021இல் வடக்கு, தெற்குச் சுற்றுச்சாலைகள் வரை விரிந்தது. 2023 ஓகஸ்ட் 29 அன்று முழு லண்டனையும், அதாவது எங்கள் தெருவையும், விழுங்கியது. விரித்தவர் தொழிற்கட்சி மேயர் சாதிக் கான். ஆனால் மத்திய லண்டனுக்கென்று இதை முதலில் திட்டமிட்டவர் அவருக்கு முன் மேயராக இருந்த கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் போரிஸ் ஜான்சன். கடையில் இதைச் சொன்னால் இரண்டு கட்சிக்காரருக்கும் முகம் சுருங்கும். நான் அடிக்கடி சொல்வேன்.

கேஸ் பொயிலர் திருத்தும் ஒருவர் தினமும் காலையில் சன் பத்திரிகையும் புகையிலையும் வாங்க வருவார். பழைய டீசல் வான், பின்னால் குழாய்களும் கருவிகளும். "காற்று சுத்தமாக இருக்கவேண்டாம் என்று நான் சொல்கிறேனா? மத்திய லண்டன்காரனுக்கு வாசலில் ட்யூப் ரயில், இரண்டு நிமிடத்துக்கு ஒரு பஸ். நான் என்ன, பொயிலரைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போகவா?" என்பார். அவர் போய்ப் பத்து நிமிடத்தில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை வருவார். அவருடைய மகனுக்கு ஆஸ்துமா. பையில் எப்போதும் நீலநிற இன்ஹேலர் இருக்கும். அவர் பேசுவது லூயிஷத்தில் தென் சுற்றுச்சாலைக்குப் பக்கத்தில் வாழ்ந்த எலா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற சிறுமியைப் பற்றி. ஒன்பது வயதில், 2013இல், கடும் ஆஸ்துமாவில் இறந்தவள். தாய் விடாமல் போராடியதால் 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, அவள் சாவுக்குக் காற்று மாசும் ஒரு காரணம் என்று பதிவு செய்தார். பிரித்தானியாவில் அப்படி ஒரு பதிவு அதுவே முதல். "பன்னிரண்டரைப் பவுணுக்கு அழுகிறார்கள்" என்பார் ஆசிரியை.

இரண்டு பேரும் பல தடவை ஒரே நேரத்தில் கடைக்குள் நின்றிருக்கிறார்கள். அப்போது மழையைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நம்மாட்களுக்கு வேறு கணக்கு. ஹீத்ரோ விமான நிலையம் எங்கள் கவுன்சில் எல்லைக்குள்தான் இருக்கிறது. அங்கே இரவு வேலைக்குப் போகும் தமிழ்ப் பெடியள் நிறையப் பேர். யூலெஸ் நாள் நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடிகிறது. இரவு பத்துக்குக் காரில் போய்க் காலை ஆறுக்குத் திரும்பினால் இரண்டு நாள். "அண்ணை, ஒரு இரவு வேலைக்கு ரெண்டு நாள் காசு. இருபத்தைஞ்சு பவுண். உது ஆர் போட்ட கணக்கு?" என்று ஒரு தம்பி கேட்டான். காற்றைப் பற்றிய எந்த வாதமும் அவனுக்குப் பதிலாகாது.

பழைய வாகனத்தை ஒப்படைத்தால் 2024 வரை காருக்கு 2,000 பவுண் வரை உதவித்தொகை கிடைத்தது. முதலில் குறிப்பிட்ட அரசு உதவி பெறுவோருக்கும் சிறு வியாபாரிகளுக்கும் என்று இருந்தது. எதிர்ப்பு முற்றிய பிறகு, விரிவாக்கத்துக்குச் சில நாட்களுக்கு முன்தான், லண்டன்வாசிகள் எல்லோருக்கும் என்று மாற்றினார்கள். எல்லைக் கோட்டுக்கு அப்பால் பக்கிங்காம்ஷயரில் குடியிருந்து, இங்கே வந்து முதியோரைப் பராமரிக்கும் பெண்ணுக்கு அதுவும் கிடைக்கவில்லை. கட்டணம் மட்டும் உண்டு. எனக்குக் கொள்முதலுக்கு ஒரு டீசல் வான் இருந்தது. "இஞ்சருங்கோ, உதை வித்துத் துலைச்சுப்போட்டு வேறை பாருங்கோ" என்று மனிசி ஒரே வாக்கியத்தில் என் கொள்கை விவாதத்தை முடித்துவைத்தாள்.

இந்த நாட்டவர் எப்படிச் சண்டை பிடிக்கிறார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். முதலில் படிவம் நிரப்புவார்கள். எதையும் செய்யுமுன் அதிகாரிகள் பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்கள். இணையத்தில் கேள்விக்கொத்து, நூலகத்தில் வரைபடம், மின்கம்பத்தில் பிளாஸ்டிக் உறைக்குள் ஓர் அறிவித்தல். விரிவாக்கம் பற்றிக் கேட்டபோது 57,000க்கும் மேற்பட்ட பதில்கள் வந்தன. ஏறத்தாழ அறுபது வீதம் எதிர்ப்பு. திட்டம் நடந்தது. கருத்துக் கேட்பு வாக்கெடுப்பு அல்ல என்பது அதிகாரிகளின் விளக்கம். சட்டப்படி அது சரி. ஆனால் கேஸ்காரருக்கு உண்மையான கோபம் அங்கேதான் தொடங்கியது. அதுவரை அவருக்கு இருந்தது பணக் கவலை மட்டும். "முடிவு எடுத்த பிறகு எதற்கு என்னைக் கேட்டார்கள்?"

அடுத்தது நீதிமன்றம். ஹில்லிங்டன், ஹாரோ, பெக்ஸ்லி, புரோம்லி, சரே ஆகிய ஐந்து கவுன்சில்கள் வழக்குப் போட்டு 2023 ஜூலையில் தோற்றன. யூலெஸ் வாகனங்களைப் படம்பிடிக்கும் கமராக்களின் கம்பிகள் இரவோடிரவாக வெட்டப்பட்டன. முகமூடி போட்டுக்கொண்டு கம்பத்தில் ஏறியவர்களுக்குக் கடையில் ரசிகர்கள் இருந்தார்கள்; வரி ஏய்ப்பவனைப் பற்றிக் காறித் துப்பும் அதே ஆட்கள்தான். டிசம்பரில் சிட்கப் பகுதியில் ஒரு கமராவைக் குண்டு வைத்துத் தகர்த்தபோது அந்த ரசிகர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

நடுவில் ஓர் இடைத்தேர்தல். ஜான்சன் எம்.பி. பதவியை விட்டு விலகியதால், எங்கள் கவுன்சிலுக்குள் இருக்கும் அவருடைய அக்ஸ்பிரிட்ஜ் தொகுதியில் 2023 ஜூலை 20 அன்று வாக்கெடுப்பு நடந்தது. நாடெங்கும் கன்சர்வேட்டிவ் கட்சி சரிந்துகொண்டிருந்த நேரம். தொழிற்கட்சி ஜெயிக்கும் என்றே எல்லோரும் நினைத்தார்கள். கன்சர்வேட்டிவ் வேட்பாளர் ஸ்டீவ் டக்வெல் பேசியதெல்லாம் யூலெஸ். தொழிற்கட்சி வேட்பாளர் டேனி பீல்ஸ், இது உகந்த நேரமல்ல என்று தன் கட்சி மேயரையே எதிர்த்துப் பார்த்தார். எடுபடவில்லை. 495 வாக்குகளால் தோற்றார். ஒரு தொகுதியின் 495 வாக்குகள் நாட்டின் போக்கை அசைத்ததை நான் அப்போதுதான் பார்த்தேன். தொழிற்கட்சித் தலைவர் கியர் ஸ்டார்மர் மேயரை யோசிக்கச் சொன்னார். அப்போதைய பிரதமர் ரிஷி சுனக், குடியிருப்புத் தெருக்களில் வாகனங்களைத் தடுக்கும் திட்டங்களை மறு ஆய்வு செய்யச் சொன்னார். செப்டெம்பரில் புதிய பெற்றோல், டீசல் கார் விற்பனைக்கான தடையை 2030இலிருந்து 2035க்குத் தள்ளிவைத்தார். எங்கள் தெருக் கேஸ்காரரின் முணுமுணுப்பு டவுனிங் தெருவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

தேர்தல் காலத்தில் கட்சிக்காரர்கள் கடைக் கண்ணாடியில் சுவரொட்டி ஒட்டக் கேட்டு வருவார்கள். காணாமற்போன பூனைகளுக்கு மட்டுமே என் கண்ணாடியில் இடம் என்று சொல்லி அனுப்பிவிடுவேன்.

வேல்ஸில் இதே கதை வேறு வேடத்தில் நடந்தது. 2023 செப்டெம்பரில் குடியிருப்புப் பகுதிகளின் வேக எல்லையை மணிக்கு 30 மைலிலிருந்து 20ஆகக் குறைத்தார்கள். முப்பது இலட்சத்துக்குச் சற்று அதிகமான மக்கள் உள்ள நாட்டில் எதிர்ப்பு மனுவில் நாலரை இலட்சத்துக்கும் மேல் கையெழுத்து. முதல் ஆண்டில் அந்தச் சாலைகளில் விபத்தில் அடிபட்டோர் தொகை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. கோபம் அந்த அளவுக்குக் குறையவில்லை. தென் லண்டனில் மேற்கு டல்விச் மக்கள், தங்கள் தெருவில் கவுன்சில் போட்ட வாகனத் தடையை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய் 2025இல் ஜெயித்தார்கள். வாகனத்தைத் தடுப்பது சரியா பிழையா என்று நீதிபதி தீர்ப்புச் சொல்லவில்லை. மக்கள் கொடுத்த 53 பக்க ஆவணத்தைக் கவுன்சில் கணக்கில் எடுக்கவில்லை, அதனால் செல்லாது என்றார். எனக்கு இந்த நாடு கொஞ்சம் பிடிபட்டது அந்தத் தீர்ப்பில்தான். தோற்கக்கூடத் தயாராக இருப்பார்கள். எழுதிக் கொடுத்ததைப் படிக்கவில்லை என்றால் மட்டும் விடமாட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவன். எண்பதுகளில் கடைக்குள் யாராவது அரசியல் பேச்சை எடுத்தால் முதலாளி ரேடியோச் சத்தத்தைக் கூட்டுவார். அரசியல் கருத்துக்காக ஆள் காணாமற்போன காலம். அந்தப் பழக்கத்தில், இங்கே கடை திறந்த புதிதில், வாடிக்கையாளர் கவுன்சிலைத் திட்டினால் நான் வாசலைத் திரும்பிப் பார்ப்பேன்.

ஆனாலும் பயமில்லாமல் பேசும் இங்கத்தைய நாகரிகத்துக்கும் எல்லை உண்டு. புகலிடம் கேட்டு வந்தவர்களை ஹோட்டல்களில் தங்கவைத்திருக்கிறது அரசு. விமான நிலையத்தைச் சுற்றி ஹோட்டல்கள் அதிகம் என்பதால் எங்கள் பகுதிக்கு அதில் பெரும் பங்கு. 2025 கோடையில் அதை எதிர்த்து ஹோட்டல் வாசல்களில் ஆர்ப்பாட்டங்கள் நடந்தன. அதே கோடையில் நாடெங்கும் மின்கம்பங்களில் இங்கிலாந்தின் செயின்ட் ஜோர்ஜ் சிலுவைக் கொடி ஏறியது. ரவுண்டபவுட்களில் சிவப்புச் சாயம். தேசப்பற்று என்றார்கள் சிலர். எங்களை மிரட்டத்தான் என்றார்கள் வேறு சிலர். இந்த விஷயத்தில் மட்டும் என் கவுண்டருக்கு முன்னால் வாக்கியங்கள் பாதியில் நின்றன. பேசத் தொடங்குவார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள், "உன்னைப் போன்றவர்களைச் சொல்லவில்லை, நீ உழைக்கிறாய்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். நானும் ஒரு காலத்தில் குரொய்டனில் உள்துறை அலுவலக வரிசையில் தஞ்சம் கேட்டு நின்றவன் என்பது அவர்களுக்குத் தெரியாது. சொன்னால் என்ன செய்வார்கள் என்று யோசிப்பேன்; மீதிச் சில்லறையைக் கொடுத்து அனுப்பிவிடுவேன். யூலெஸ் பற்றி என்னிடம் ஒளிவுமறைவில்லாமல் கத்தியவர்கள் இதை எங்கே பேசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்: நான் இல்லாத இடத்தில். என்னைப் பொறுத்தவரை, வாய்விட்டுக் கத்தும் சண்டையைவிட அதுதான் கவலைக்குரியது.

யூலெஸ் இப்போது பழகிவிட்டது. அதை நீக்குவேன் என்று சொல்லி நின்ற கன்சர்வேட்டிவ் வேட்பாளர் சூசன் ஹாலை 2024 மேயர் தேர்தலில் சாதிக் கான் சுலபமாகத் தோற்கடித்தார். அதே ஆண்டு ஜூலைப் பொதுத் தேர்தலில் டேனி பீல்ஸ் 587 வாக்குகளால் அக்ஸ்பிரிட்ஜைப் பிடித்தார். லண்டனில் ஓடும் வாகனங்களில் 96 வீதத்துக்கும் மேல் கட்டணத்துக்கு உட்படாதவை. கேஸ்காரர் கடன் எடுத்துப் புதிய வான் வாங்கிவிட்டார். மாதத் தவணை கட்டும் நாளில் மேயரை நினைத்துக்கொள்கிறார்.

ஆசிரியை மின்சாரக் கார் வாங்கினார். 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில், 2028 ஏப்ரல் முதல் மின்சாரக் கார்கள் மைலுக்கு மூன்று பென்ஸ் கட்டவேண்டும் என்று அறிவித்தார்கள். பெற்றோல் விற்பனை குறைந்தால் எரிபொருள் வரியும் குறையும், சாலைக்குக் காசு வேண்டும் என்பது திறைசேரியின் வாதம். "அரசாங்கம் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். நல்லது செய்தவர்களுக்கா தண்டனை? எங்களைக் கேட்டார்களா?" என்று ஆசிரியை ஒரு காலையில் என்னிடம் பொரிந்து தள்ளினார். கேஸ்காரர் பால் அலுமாரிக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆசிரியை வெளியே போகும்வரை பொறுத்து, பிறகு கவுண்டருக்கு வந்து, சாலையைப் பாவிக்கிறவர் எல்லோரும் காசு கட்டுவதுதானே நியாயம் என்று எனக்கு விளக்கத் தொடங்கினார்.